தார்ப்பாயில் ஒரு தெரு

என் ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, படகு எங்கே என்பதுதான். வடசென்னைக்காரி, மீனவக் குடும்பம், கடலோரத்தில் பிறந்தவள் என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு ஆசையோடு வந்து நிற்பார்கள். எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறம், அதன் அடியில் துருச் சிவப்பு, ஓரத்தில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. படகு கிடையாது, வலை கிடையாது, தலையில் கூடை வைத்த பெண் கிடையாது. ஏமாந்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். படகு பார்க்க வேண்டுமானால் காசிமேட்டுக்குப் போங்கள், காலையில் போனால் மீனும் வாங்கிக்கொண்டு வரலாம் என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

உருவம் வரையத் தெரியாதவர்கள்தான் அரூப ஓவியம் என்று சொல்லிக்கொண்டு இப்படி இழுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று என் முகத்துக்கு நேராகவே ஒருத்தர் சொல்லியிருக்கிறார். ஐயா, நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. வருஷம் முழுக்கக் கரும்பலகையில் மயிலும் மாம்பழமும் தேசத் தலைவர்களும் வரைந்து தள்ளுகிறவள். தலைவர்களின் மீசையைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். உருவம் எனக்கு வரும். எங்கள் தெருவுக்குத்தான் உருவம் இல்லாமல் போய்விட்டது.

ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், கடலைப் பார்த்தபடி இருந்தது எங்கள் தெரு. நான் சிறு பெண்ணாக இருந்தபோது வாசலில் இறங்கித் தண்ணீரைத் தொடுவதற்குள் உள்ளங்கால் கொப்பளித்துவிடும். அவ்வளவு மணல். வலை காய வைக்க இடம், கருவாடு காய வைக்க இடம், மாதா கோயில் திருவிழாவுக்குச் சப்பரம் கட்ட இடம், அதற்கப்புறமும் பையன்கள் கிரிக்கெட் ஆட இடம். பிறகு கடல் உள்ளே வர ஆரம்பித்தது. ஒரே நாளில் வந்து வாரிக்கொண்டு போகவில்லை. ஒரு மழைக்காலத்துக்கு ஒரு வரிசை வீடு என்று நிதானமாகத் தின்றது. நாங்கள் கடைசி வரிசை என்பதால் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தோம்.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் வந்திருந்தது. அடுத்தது நம் வீடுதான் என்று தெரிந்ததும் கதவு, நிலை, ஜன்னல் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். போகிற இடத்தில் உதவும் அல்லவா. தெருவே அந்தக் கடைசி வருஷங்களில் கதவில்லாத வீடுகளாக நின்றது. எங்கள் முறை வந்தபோது நைனா, எங்கள் அப்பா, எடுக்க மறுத்துவிட்டார். "கதவ நாமளே கயட்டிக் குட்த்தா, வா உள்ளன்னு கடல கூப்ட்ட மாதிரி ஆய்டும்" என்றார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அண்ணன் சண்டை போட்டுப் பார்த்தான். வீடு பூட்டிய கதவோடுதான் போனது. சாவி நைனாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பிற்பாடு லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கரையோரம் கொட்டினார்கள். அதற்கு மேல் கடல் வரவில்லை. எங்கள் தெரு கல்லுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

கொருக்குப்பேட்டையில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு ஆஸ்பெட்டாஸ் சீட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். அம்மா அங்கேதான் காலமானாள். நைனா கொஞ்ச காலம் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார், அதையும் விட்டார். விட்டதோடு இல்லாமல், அந்தத் தெருவைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார். பழைய தெருக்காரர் யாராவது வந்து "அந்தக் காலத்துல நம்ம தெருவுல" என்று ஆரம்பித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகக்கூடக் கடற்கரைச் சாலையைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் போவார். அந்தத் தெருவின் பெயர் அதற்கப்புறம் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

எனக்கோ அதை விட்டால் வேறு பேச்சே கிடையாது. எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை, எல்லாம் அலமாரியோடு போய்விட்டது. அதனால் முதலில் ஞாபகத்தில் இருந்து வரைந்தேன். வீடு, வாசல், குழாய், குழாயடியில் குடம், தூரத்தில் கட்டுமரம். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் மளிகைக்கடைக் காலண்டர் பல்லை இளித்தது. இதுவா என் தெரு? கிழித்துப் போட்டேன். இன்னொன்று வரைந்தேன், அதையும் கிழித்தேன். அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கம்பிக்கு அடிக்க ரெட் ஆக்சைடு வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் சும்மா டப்பாவைத் திறந்து, அட்டையில் ஒரு இழுப்பு இழுத்தேன். அப்படியே எங்கள் வீட்டுத் தரை. காய்ச்சல் வந்தால் கன்னத்தை வைத்துப் படுப்பேனே, அந்தச் சிவப்புச் சிமெண்டுத் தரை, அதன் குளிர்ச்சியோடு வந்துவிட்டது. நான் பள்ளிக்கூட வராந்தாவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வாட்ச்மேன் ஓடிவந்து பெயிண்டு கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டார்.

அதிலிருந்து இப்படித்தான். விலை உயர்ந்த டியூபு வண்ணம் எனக்கு ஆகாது. ஹார்ட்வேர் கடையில் விற்கிற எனாமல், ஆக்சைடு, டிஸ்டம்பர் எல்லாம் எங்கள் வீடுகளிலும் படகுகளிலும் பூசியிருந்தவை. அவற்றுக்குத்தான் எங்கள் ஊர் தெரியும். சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டால் பூசுவேன், காய்ந்ததும் சுரண்டுவேன், மேலே வேறொன்று பூசுவேன். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையின் மேல் எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கத்துக் காற்று கொண்டுவந்து போடுமே, அந்தச் சாம்பல். துறைமுகத்து நிலக்கரியின் கறுப்பு. குழாயடிப் பாசியின் பச்சை. எதற்கும் கோடு போட்டு எல்லை கட்ட மாட்டேன். கடல் எல்லையைக் கேட்டுக்கொண்டா வந்தது?

நன்றாக வரைகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள், எழுதினார்கள், வெளியூர்க் கண்காட்சிகளுக்குக் கூப்பிட்டார்கள். நைனா மட்டும் ஒன்றுக்கும் வந்ததில்லை. ஒரு தடவை நடுத்தர அளவுள்ள ஓவியம் ஒன்றை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய் அவர் எதிரில் வைத்தேன். சற்று நேரம் பார்த்தார். "செவுத்துக்குப் பட்டி பாத்துகினு கீறியா?" என்றார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடினாள். நானும் சிரித்து வைத்தேன், ஆனால் உள்ளுக்குள் நெருப்பு. அத்தனை பேர் புகழ்ந்தும் என்ன, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இது நம் தெரு என்று அந்த மனுஷன் வாயால் வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அதைக் கேட்டு வாங்கவும் எனக்கு மனசில்லை.

பிறகு அவருக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் புத்தியும் தெளிவாகவே இருந்தன. அண்ணன் வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் துறைமுகத்தில் இருந்து மூட்டை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறான், வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள்தான் அதிகம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அண்ணிதான். நான் எம்.கே.பி. நகரில் குடியிருக்கிறேன். லீவு கிடைத்தால் போய் ஒத்தாசை செய்வேன்.

அண்ணன் லாரியில் ஒரு பழைய பருத்தித் தார்ப்பாய் இருந்தது. கனமானது, முரட்டு நெசவு. மெழுகு எல்லாம் போய், மழைக்கு உதவாது என்று ஓரமாகப் போட்டிருந்தான். கேட்டேன், "எட்த்துகினு போ" என்றான். அலசிக் காய வைத்து, ப்ரைமர் அடித்து, கோடை விடுமுறை முழுக்கப் பள்ளிக்கூட ஹாலில் தரையில் விரித்துப் போட்டு வேலை செய்தேன். அதுவரை துண்டு துண்டாக வரைந்து வந்த தெருவை முழுசாக ஒரே துணியில் போட்டுவிட வேண்டும் என்று ஒரு வெறி. வெறுங்காலோடு அதன் மேலேயே நடந்து நடந்து பூசினேன். முடிந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனால், எங்கள் குடியிருப்பு மாடிப்படித் திருப்பத்தில் மடங்கவில்லை. ஆகவே கொருக்குப்பேட்டைக்குக் கொண்டுபோய் அண்ணன் வீட்டுப் பரணில் வைத்தேன்.

நகரத்தின் தென்பக்கத்தில் ஓவிய அரங்கம் நடத்துகிற ஒரு அம்மாள், அதை நான் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்தார். எடுத்ததும் படகு எங்கே என்று கேட்காத முதல் ஆள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இது ஏதோ முழுகிப்போன இடம் மாதிரி இருக்கிறதே என்றார். தன் அரங்கத்தின் பெரிய சுவரை இதற்கே தருவதாகச் சொன்னார். அந்தச் சுவரில் மாட்ட வேண்டும் என்று பல காலமாக நினைத்திருந்தவள் நான். மழைக்காலத்தில் கண்காட்சி. டெம்போ அனுப்புகிறேன், அன்றைக்கு எடுத்துக் கொடுங்கள் என்று நாள் குறித்துக் கொடுத்தார்.

அந்த நாள் வந்தது, கூடவே மழையும் வந்தது. காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர். டெம்போவைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தேன். பரணைப் பார்த்தேன், காலி. அப்புறம்தான் தலையைத் தூக்கினேன்.

என் ஓவியம் கூரைக்கு அடியில் கட்டியிருந்தது. நான்கு மூலையிலும் நைலான் கயிறு, ஒரு பக்கம் உத்திரத்தில் இறுக்கி, மறுபக்கம் ஜன்னல் கம்பிக்குச் சரித்துவிட்டு, தண்ணீர் வழிந்து விழுகிற மூலையில் ஒரு பக்கெட்டு. மேலே சீட்டு ஒழுக ஒழுக, துணியின் முதுகில் தண்ணீர் தங்கி நடுவில் தொந்தி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பூசிய பக்கம் கீழே. அதற்கு நேர் கீழே கட்டிலில் நைனா.

"அண்ணி, இன்னா இது?"

அண்ணி ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே வந்தாள். "இன்னா, தார்ப்பா."

"இது என் படம்."

"படமா? எங்க லாரி தார்ப்பாம்மா இது. ஓரத்துல பாரு, வண்டி நம்பரு கூட அப்டியே கீது."

இருந்தது. நான்தான் அழகாக இருக்கிறதென்று அந்த நம்பரை மறைக்காமல் விட்டிருந்தேன்.

"யார கேட்டு எட்த்தீங்க?"

"யார கேக்கணும்? உங்கண்ணன் லோடு ஏத்திகினு பூட்டாரு. சீட்டு வுட்டுகினு நைனா தல மேல சொட்டிகினு கீது. மேல ஏறி மூடலாம்னா, ஆஸ்பெட்டாசு ஒடஞ்சி கட்டுலு மேலயே வுழணும். பரண்ல பாத்தா சுருட்டி கீது. பிரிச்சா நல்லா பெயிண்டு வேற அட்ச்சி கீது. தண்ணி எறங்காதுன்னு கட்டிட்டேன். ராசியான தார்ப்பாம்மா, சொட்டு நின்னுபோச்சி."

எனக்கு வந்ததே கோபம். என் கோபம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். கோடை முழுக்க முட்டி தேய உழைத்தது, எந்தச் சுவரில் தொங்க வேண்டியது, எந்த மாதிரி மனிதர்கள் பார்க்க வேண்டியது என்று ஆரம்பித்து, படித்தவர் வீடாக இருந்தால் இப்படி நடக்குமா என்கிற வரைக்கும் போய்விட்டேன். அண்ணி ஒன்றும் சளைத்தவள் இல்லை. துணியைப் பொத்தென்று போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"உங்கப்பன நனைய வுட்டுட்டு உன் படத்த பத்ரமா பூட்டி வெக்கணும், அப்டிதான? சொல்லு. வாய தொறந்து சொல்லு, இப்பவே அவுத்துட்றேன்."

எனக்குத் தோற்கப் பிடிக்கவில்லை. "சரி, கட்னீங்க. பெயிண்டு பக்கத்த மேல வெச்சி கட்னா தண்ணி அது பாட்டுக்கு வழிஞ்சி ஓடியிருக்கும். கீழ வெச்சி கட்டிகிறீங்க, துணியெல்லாம் ஊறிப்போச்சி. இதுகூடவா தெரியாது?"

"ஏன் தெரியாது? மொதல்ல மேல வெச்சிதான் கட்னேன். நைனாதான் திருப்பிக் கட்ட சொல்ச்சு."

மழை சீட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு கத்தலும் தன் காதில் விழாதது மாதிரி நைனா மல்லாக்கப் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் போய் நின்றேன். "எதுக்கு நைனா திருப்பச் சொன்ன?"

"அழுக்குத் துணிய பாத்துகினு எவ்ளோ நேரம் படுத்துகினு கிறது?" என்றார். என்னை அவர் பார்க்கவில்லை. வலது கையைத் தூக்கி ஒரு விரலை நீட்டினார். "அது ஐஸ் பாக்டரி செவுரு."

எங்கள் தெருவின் சுவர் அவர் வாயில் வந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அது செவுரு இல்ல நைனா. சாம்பலு."

"சாம்பலு இன்னா அந்தரத்துலயா கீது? செவுத்து மேலதான கீது."

மறுபடியும் பார்த்தேன். அவர் சொன்னது சரி என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது சாம்பல்தான், சாம்பல் என்று நினைத்துத்தான் பூசினேன். ஆனால் அவர் சொன்ன பிறகு அதற்குப் பின்னால் சுவர் நிற்கத்தான் செய்தது. விரல் நகர்ந்தது. இது மாதா செலை வெச்ச கெபி. இது குழாயடி, ஆனா பச்ச பத்தல, அங்க எப்பவும் வழுக்கும். இது அந்தப் புட்டுக்கடை ஆயா வூட்டுக் கொட்டாய். இந்த மஞ்சளு வலை பின்ற எடத்துல சாயங்காலம் அடிக்கிற வெய்யிலு. நான் மறுத்துச் சொல்வேன், அவர் பதில் சொல்வார். புட்டுக்கடை அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று இரண்டு பேரும் குரலை உயர்த்திக்கொண்டோம். அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அந்தத் தெரு தெரியாது. கொருக்குப்பேட்டைக்கு வந்தபின் கல்யாணமாகி வந்தவள்.

விரல் தெருவின் கடைசி வரைக்கும் போனது. அடுத்தது எங்கள் வீடுதான். நைனா கையை மெதுவாக இறக்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்தவர் அதற்குமேல் ஒரு அடி வைக்க மாட்டேன் என்கிறாரே என்று எனக்குத் துக்கமாக இருந்தது.

தெருமுனையில் இருந்து டெம்போ டிரைவர் போன் செய்தார். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, ஏற்றுவதென்றால் சீக்கிரம் ஏற்றுங்கள் என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் செய்ததிலேயே பெரிய வேலை அது, அதற்கென்று ஒரு சுவர் காத்திருந்தது. இன்னும் நனைந்தால் துணி இற்றுப்போகும். மூலைக் கடைக்குப் போய் நீல நிறத்தில் புது பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒன்று வாங்கி வந்தேன். நல்ல வேளையாக அண்ணனும் அப்போதுதான் டிரிப் முடிந்து வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டு அண்ணியைத் திட்டப்போனான். நானே வேண்டாம் என்று கையமர்த்தினேன்.

நைனாவிடம் சொன்னேன். "நைனா, இத்த எட்த்துகினு போறேன். பெரிய எடத்துல மாட்டப் போறாங்க. உனக்குப் புதுசா கட்டிட்றோம்."

"எட்த்துகினு போ" என்றார். "வேலன்னா வேல."

அதில் ஒரு வருத்தமும் தெரியவில்லை. நாங்கள் கட்டிலை ஓரமாக நகர்த்தினோம். தொந்தியில் தேங்கிய தண்ணீரை ஜன்னல் பக்கமாகச் சாய்த்துக் கொட்டினோம். அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி முடிச்சுகளை அவிழ்த்தான், நானும் அண்ணியும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கிச் சுவரோரம் மடித்து வைத்தோம். புதுத் தார்ப்பாயை அதே கயிறுகளில் இழுத்துக் கட்டினான். கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளினோம். ஒழுகுகிற தண்ணீர் பிளாஸ்டிக்கின் மேல் சளசளவென்று விழுந்து ஓடியது. வாசல் வெளிச்சம் அதில் பட்டுக் கூடம் முழுக்க நீலமாகிவிட்டது. சுவர், கட்டில், நைனாவின் வெள்ளை முடி, எல்லாம் நீலம்.

நைனா மேலே பார்த்தார். சலசலப்பைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தபடியே இருந்தார்.

"மறுபடியும் வந்துட்ச்சா" என்றார்.

புத்தி பிசகிச் சொல்லவில்லை. எங்கே படுத்திருக்கிறோம், மேலே இருப்பது பிளாஸ்டிக்தான், கடல் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் ஸ்டூலில் இருந்து இறங்கவில்லை. தெரு போன நாளில் நைனாவோடு சண்டை போட்டவன் அவன். அவனுக்கும் அது போய்த் தைத்திருக்கும்.

"அண்ணா, அத்த அவுரு" என்றேன்.

"இப்பதானே கட்னேன்."

"அவுருன்னா அவுரு."

அவன் கேள்வி கேட்காமல் இழுத்தான். அவசரத்தில் பிளாஸ்டிக் உத்திரத்து ஆணியில் மாட்டி இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் கிழிந்தது. கிழியட்டும். நான் வாசலுக்கு வந்து அரங்கத்து அம்மாளைப் போனில் கூப்பிட்டேன். ஓவியம் இன்றைக்கு வராது, மழைக்காலம் முடிந்த பிறகுதான் வரும் என்றேன்.

"ஏன், சேதமாகிவிட்டதா?"

"இல்லை. வீட்டில் உபயோகத்தில் இருக்கிறது."

அவருக்குப் புரியவில்லை. புரிகிற மாதிரி சொல்லவும் எனக்கு அப்போது பொறுமை இல்லை. அப்படியானால் சுவரை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார், குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. கொடுங்கள் என்றேன். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் எனக்குச் சுவர் கிடைக்காமல் போகாது, நான் வரைகிறது அப்படிப்பட்டது. டெம்போக்காரரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

மூன்று பேருமாக ஓவியத்தைத் திரும்பத் தூக்கிக் கட்டினோம். எந்தப் பக்கம் கீழே என்று அண்ணி கேட்கவே இல்லை. பழையபடியே சரித்து, பழையபடியே மூலையில் பக்கெட்டு வைத்தோம். கூடத்தின் நீலம் போனது. அண்ணி டீ போட்டுக் கொடுத்தாள். சண்டை போட்டதை இரண்டு பேரும் எடுக்கவில்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து டீயைக் குடித்தேன். நைனா எப்போது முகத்தைத் திருப்பினார் என்று நான் கவனிக்கவில்லை.

"பாப்பா."

"இன்னா நைனா?"

"நம்ம வூட்டாண்ட சொட்டுது பாரு. பக்கெட்ட நவுத்து."

நிமிர்ந்து பார்த்தேன். துணி முழுக்க எனாமல் ஏறியிருந்தது, தண்ணீர் இறங்காது. ஒரே ஒரு இடத்தைத் தவிர. தெருவின் கடைசியில், உள்ளங்கை அகலத்துக்கு, கோடை முழுக்கப் பூசிப் பூசிச் சுரண்டி, எந்த நிறமும் உட்காராமல், கடைசியில் துணியே தெரிய அப்படியே விட்டுவிட்ட இடம். அங்கே என்ன வர வேண்டும் என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. நாளெல்லாம் ஊறியபின் அந்த இடத்தில் இருந்துதான் இப்போது ஒவ்வொரு சொட்டாக அவர் காலருகே விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து போய்ப் பக்கெட்டை இழுத்து அதன் கீழே வைத்தேன்.